உங்களுக்குத் தெரியுமா? வெம்பக்கோட்டை வளையலும் மன்னார் வளைகுடா மீனும்

● வெம்பக்கோட்டையில் கடல் இல்லை. ஆனால் மண்ணைத் தோண்டினால் கடல் பொருள்தான் வருகிறது. வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் உச்சிமேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 என்று அடுத்தடுத்த கட்டங்களும் நடந்தன. சுடுமண் பொம்மை, கண்ணாடி மணி, சூதுபவளம், தங்க அணி என்று கிடைத்தவற்றோடு சங்கு வளையல்களும் ஏராளம். முழுசாகச் செய்து முடிக்காத துண்டுகளும் அவற்றில் உண்டு. அதனால் வளையலை இங்கேயே அறுத்துத் தீட்டியிருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது.

● அந்தச் சங்கு மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் வாழ்வது. வைப்பாறு சாத்தூரைக் கடந்து, விளாத்திகுளம் வட்டத்தில் சிப்பிகுளம் பக்கம் அதே கடலில்தான் போய்ச் சேர்கிறது. சங்கு வந்த வழி இந்த ஆற்றோரம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் வேறு வழி தோன்றவும் மாட்டேன் என்கிறது.

● ஆறு கலக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் தூத்துக்குடித் தீவுகள், மறுபக்கம் வேம்பார்த் தீவுகள். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மொத்தம் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும் சேர்ந்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பூங்காவின் எல்லையைக் கடலில் கோடு கிழித்துக் காட்ட முடியாது என்பதால் ஆழத்தை வைத்துச் சொன்னார்கள்: தீவின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம். ஒரு பாகம் ஆறு அடி. வள்ளத்தில் போகிறவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தே எல்லையைத் தெரிந்துகொள்ளலாம்.

● "மீன் பிடிக்காதே" என்று ஒரு இடத்தை மூடினால் மீன்பிடி எப்படிப் பெருகும்? விடை ரொம்பச் சாதாரணம். மீன்களுக்கு நம் எல்லைக்கோடு தெரியாது. உள்ளே பெருத்த மீன் வெளியே மேய வரும். உள்ளே இட்ட முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் வெளியே போகும். பட்டாசு ஆலையில் மருந்து அறைகளுக்கு நடுவே விடும் காலியிடத்தை வீண் நிலம் என்று சிவகாசியில் யாரும் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

● மெக்சிகோவின் காபோ புல்மோ என்ற சின்ன ஊரில் மீன் குறைந்துபோனதும் மீனவக் குடும்பங்களே முன்வந்து கடலை மூடச் சொன்னார்கள். 1995-ல் அது தேசியப் பூங்கா ஆனது. 1999-க்கும் 2009-க்கும் நடுவே அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. ஐந்தரை மடங்குக்கும் மேல்!

● ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே உலகின் மிகப் பெரிய காப்புக் கடல்களில் ஒன்று இருக்கிறது. எல்லைக்கு வெளியே தூண்டில் போடும் கப்பல்களுக்கு மஞ்சள்துடுப்புச் சூரை கிடைக்கும் வீதம் 54 சதவீதம் கூடியதாக 2022-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. நாடு நாடாகச் சுற்றும் சூரைக்கே பலன் உண்டு என்பது பலருக்கும் ஆச்சரியம்தான். ஆனால் இதை வைத்து எல்லா மீனுக்கும் கணக்குப் போடக் கூடாது. நெத்திலி, சாளை போன்றவை ஓயாமல் இடம் மாறுகிறவை. சின்னப் பூங்காவால் அவற்றுக்குப் பெரிதாகப் பயன் இல்லை. அவற்றுக்கு இடத்தை மூடுவதைவிடக் காலத்தை மூடுவதுதான் பொருந்தும்.

● காலத்தை மூடுவது நமக்குப் பழகியதுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தமிழ்நாட்டில் 2001-ல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு ₹8,000. இரண்டு மாதத்துக்கு அது போதுமா என்பதை வீட்டுச் செலவு பார்க்கிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

● கொடுவா மீன் ஆணாகத் தொடங்கிப் பெரிதானதும் பெண்ணாக மாறும்! களவா நேர்மாறு: பெண்ணாக வளர்ந்து, பெருத்த பிறகு ஆணாகும். ஆகவே பெரியதை மட்டும் தேடித் தேடிப் பிடித்தால் ஒன்றில் தாய் இல்லாமல் போகும், மற்றதில் தகப்பன் இல்லாமல் போகும். சிறியதையே அள்ளினால் எதுவும் பெரிதாகவே வளராது. மூடிய இடம் ஒன்று இருந்தால்தான் எல்லா வயது மீனும் ஓரிடத்தில் இருக்கும்.

● அமெரிக்கக் கரையின் சிவப்பு ஸ்நாப்பரில் (நம் சங்கராவுக்கு உறவு) 61 செ.மீ. வளர்ந்த ஒரே பெண் மீன், 42 செ.மீ. உள்ள 212 பெண் மீன்கள் இடும் முட்டைகளுக்கு ஈடாக முட்டையிடும். கிழட்டு மீனை விட்டு வைப்பதில் இவ்வளவு லாபம்.

● மூடித் திறக்கும் வழக்கம் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பு எல்லா வருஷமும் நடந்ததில்லை. அதிகாரிகள் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) ஆளை இறக்கிச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். முத்து முற்றவில்லை, சிப்பி போதவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. அடுத்த ஆண்டும் இல்லாமல் போகலாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு திறக்கும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை.

சங்கிலும் இதே கண்டிப்பு இருந்தது. சங்கு குளித்து வந்தவர்கள் கரையில் கொட்டியதை வட்டத் துளை போட்ட அளவுகோலில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். துளையில் நுழைந்து விழுந்துவிட்டால் குட்டிச் சங்கு. உயிரோடு கடலுக்கே திரும்பும். நுழையாமல் தங்கினால்தான் அது விலைக்குப் போகும். தூத்துக்குடியில் முத்து, சங்கு நிர்வாகத்தைப் பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கீழக்கரையிலிருந்து வங்காளத்துக்குப் போன சங்குதான் அங்கே கல்யாணப் பெண்ணின் கை வளையல் ஆனது. வெம்பக்கோட்டையில் அறுத்ததும் வங்காளத்து விஷ்ணுபூரில் அறுத்ததும் ஒரே கடல் சரக்கு!

● பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்கள் எவை, இன்று யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம். சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் எந்த வலை ஆகும், எது ஆகாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்வதே இன்றும் எடுபடுகிறது.

● 1986 அறிவிப்பில் இந்த அறிவு சேரவில்லை. தீவுகளில் இறங்கிக் களைப்பாறியவர்கள், கருவாடு காயப்போட்டவர்கள், தீவோரப் பாறைகளில் பாசி எடுத்தவர்கள் யாரையும் உட்காரவைத்துக் கேட்டு அந்தக் கோடு போடப்படவில்லை. பல தலைமுறையாகப் போன இடத்துக்குப் போனது திடீரென்று குற்றம் ஆனது. காவல் இறுகியதும் படகு பறிமுதல், வழக்கு, வாக்குவாதம். காப்பகம் என்றாலே கசப்பு என்று கரை மக்களுக்கு ஆனதற்கு இதுதான் காரணம். என்னைக் கேட்டால், கடலைக் காப்பதில் அரசு செய்த முதல் தவறு இங்கேதான்.

2000-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை ஆரம்பித்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. கடலோரக் கிராமங்களில் குழுக்கள், சுழல்நிதிக் கடன், வேறு தொழிலுக்குப் பயிற்சி என்று பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல தொடக்கம்.

● கரையே கோடு போட்டுக்கொண்ட கதையும் இங்கே உண்டு. பாம்பன் சின்னப்பாலம், பாரதி நகர் பக்கத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்கள். விரல் கிழியாமல் இருக்கத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். காலில் பழைய ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி மேலே வரவேண்டும். கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வேறு வகைகளும் உண்டு. எந்நாளும் கடலில் இறங்க முடியாது. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் என்று வைத்துக்கொண்டார்கள். பவளத்தைப் பெயர்க்கும் இரும்புக் கருவி வேண்டாம், பாசி முளைத்துப் பெருகும் காலத்தில் கடலுக்குள் போகவே வேண்டாம் என்றும் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். இந்தப் பெண்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

அந்தப் பாசி எங்கே போகிறது? நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுகிறோமே, அந்த அகர் அகர் இந்த வகைப் பாசியிலிருந்துதான் வருகிறது.

● நல்ல எண்ணம் கைமீறிப் போவதும் உண்டு. மீனவர்களுக்கு மாற்று வருமானம் என்று மண்டபம் பக்கம் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். காசு வந்தது உண்மை. ஆனால் 2008-ல் பார்த்தபோது அதே பாசி குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் போர்வையாய்ப் படர்ந்திருந்தது. காப்பகத்துக்குப் பக்கத்தில் எதை வளர்க்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

● மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்து எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் அனுப்பிய காலமும் இருந்தது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சுனாமிக்குப் பிறகு 2005 வாக்கில்தான் இந்தத் தொழில் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளம் அலையைத் தடுக்கும் அரண். அதைப் பெயர்த்தால் தீவின் மணல் நிற்காது.

● தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவும் அந்தப் பாதையில்தான் போனது. 1986-ல் 16 ஹெக்டேர். 2014-ல் சுமார் 2 ஹெக்டேர். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கினார்கள். மேலே குறுகி அடியில் அகன்ற சரிவகக் கட்டிகள், பக்கமெல்லாம் துளை. அலையின் வேகம் துளைகளில் உடைந்து அடங்கும். மீனுக்கும் கணவாய்க்கும் அதே துளைகள் குடியிருக்கும் வீடு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகள் இறங்கின. தீவு அழியாமல் நின்றது, மீனும் வந்து கூடியது.

● வெடியைப் பற்றிச் சிவகாசிப் பக்கத்தவர்களான நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீருக்குள் வெடி என்ன செய்யும் தெரியுமா? அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழியும். செத்ததில் கொஞ்சம்தான் மேலே மிதக்கும். மற்றவை அடியில் கிடந்து அழுகும். பவளம் நொறுங்கினால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெடிபோட்டு மீன் பிடிப்பதை 1897-லேயே இந்திய மீன்வளச் சட்டம் குற்றம் ஆக்கிவிட்டது. சிவகாசியில் முதல் தீப்பெட்டி ஆலை வந்ததே 1923-ல்தான்!

● பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் வெடி போட்டவர்களும் இருந்தார்கள். சிலிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா ஊராரோடு பேசிப் பேசி, 1982-ல் பாரின் ஒரு சிறு பகுதியை மட்டும் மூட வைத்தார். காவலும் ஊராரே. கொஞ்சத்தை மூடியதில் மிச்சத்தில் மீன் குறையவில்லை. முக்குளிக்க வரும் பயணிகளின் பணம் தனி.

● நம் பக்கத்தில் காரங்காடு அப்படியொரு ஊர். தொண்டிக்குப் பக்கத்து மீனவக் கிராமம். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள்.

● பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகத்தை 2022 செப்டம்பரில் அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். இது தேசியப் பூங்கா மாதிரி இல்லை. பாரம்பரிய மீன்பிடிப்புக்கு வழி விட்டே அமைத்தார்கள். கடல்பசு (மீனவர் வாயில் ஆவுளியா) ஒரு நாளில் 40 கிலோ வரை கடற்புல் மேயும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை ஒரே கன்று. வலையில் தவறிச் சிக்கியதைக் கயிறறுத்து விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பரிசு கொடுத்திருக்கிறது. கடற்புல் தழைத்தால் லாபம் ஆவுளியாவுக்கு மட்டும் இல்லை. ஓரா, நண்டு, இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தான்.

● குஜராத்தில் திமிங்கலச்சுறா வலையில் மாட்டினால் மீனவர் வலையையே அறுத்து விடுவார், வலைக்கு அரசு ஈடு கொடுக்கும். கொன்று விற்ற ஊரில் இப்போது அது மகள் வீடு திரும்பிய மாதிரி என்று கொண்டாடப்படுகிறது.

● தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. அப்போது கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அதற்கு அப்பால். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை. தீவுகள் பலவும் இந்தக் கரைக்கடலுக்கு அருகில்தான். இந்தக் கரைக்கடல் சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே பூங்காவின் பாதி வேலை முடிந்தது. இரட்டைமடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) இழுக்கும் விசைப்படகை விட்டுவிட்டு, தெப்பத்தில் போகிறவரைத் தீவோரத்தில் மறிப்பது நியாயமாகத் தெரியவில்லை.

● கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதை நிறுத்திவைக்கிறார்கள். அதற்குப் பலனாக 2014-ல் உலகக் கடல் பொறுப்பாண்மைக் குழுவின் சான்று கிடைத்தது. இந்தியாவில் இந்தச் சான்று பெற்ற முதல் மீன்வளம் அதுதான்.

● சிங்கி இறாலுக்கு ஏற்றுமதியில் எடைக் கட்டுப்பாடு 2003 முதல் உண்டு. சிறு வகைக்கு 200 கிராம், மணிச்சிங்கிக்கு 500 கிராமுக்குக் குறைந்தால் கப்பல் ஏறாது. உள்ளூர்ச் சந்தைக்கு அந்தத் தராசு கிடையாது.

● 2030-க்குள் உலகக் கடலில் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. சதவீதம் எட்டுவது சுலபம். வரைபடத்தில் வண்ணம் அடித்தால் போதும். 1986-ல் நாம் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

● வைப்பாற்றில் வெம்பக்கோட்டை அணைக்குக் கீழே எறியும் பாலித்தீன் பை எங்கே போகும்? ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சிப்பிகுளம் கழிமுகத்துக்கு. ஆற்று வெள்ளம் கொண்டுவரும் வண்டலைத்தான் இறால் குஞ்சு எதிர்பார்க்கிறது, பையை அல்ல.

● சிவகாசி, சாத்தூர் வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஏப்ரல் பாதிக்கு மேல் மீன் விலை ஏறும்போது, நாட்டுப்படகு மீன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தடைக்காலத்திலும் சட்டப்படி கரையோரத்தில் பிடித்தது அது. நண்டு வாங்கினால் வயிற்றுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடியில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது சினை. பல லட்சம் முட்டை. அதை ஒதுக்கிவிட்டு வேறு நண்டு போடச் சொல்லுங்கள்.